விவாதம் நடந்தது

மார்ச் பதினொன்று, மாலை ஆறரை.
சுரங்கத் தொழிலாளர் சங்கக் கூடம், கீழ்த்தளம்.
வந்தவர்கள் பன்னிரண்டு பேர்.
குறிப்பெடுத்தவள் ஐலா கொய்விஸ்டோ,
பத்தொன்பது வருடமாக
இதே நோட்டு, இதே கோணல் கையெழுத்து.

மினசோட்டாவின் வடக்கில் இன்னும் பனி விலகவில்லை.
வாசலில் கழற்றிய பூட்ஸ்களிலிருந்து
சிவந்த நீர் சிமெண்டில் ஓடிக்கொண்டிருந்தது.
இரும்பு கலந்த மண் எங்களுடையது,
எத்தனை துவைத்தாலும் போகாது.

வேட்பாளர் ரூடி ஸ்குபிக்.
இருபத்திரண்டு வருடம் ஆம்புலன்ஸ் ஓட்டியவர்.
யாரையும் அவர் தூக்கிக்கொண்டு போகாத வீடு
தெருவுக்கு ஒன்றிரண்டு தேறினால் அதிகம்.

கட்சி அனுப்பிய தாளில் இருபது கேள்விகள்.
ஆறு வரை மளமளவென்று போயிற்று,
பள்ளிக்கூட நிதி, ஏரித் தண்ணீர், ஓய்வூதியம் என்று.
கருக்கலைப்பு உரிமை ஏழாவது.
அதற்கு இரண்டே கட்டங்கள்: ஆம், இல்லை.
இரண்டையும் தொடாமல்
ஓரத்தில் பென்சிலால் எழுதி வைத்திருந்தார்,
மருந்துச் சீட்டைப் போல யாருக்கும் பிடிபடாமல்.

"நீங்களே வாசியுங்கள்" என்றாள் பிரின்.

"பிப்ரவரி ராத்திரி. ஒரு பெண். வயது சொல்ல மாட்டேன்.
சைரன் வேண்டாம், அப்பாவுக்குக் கேட்டுவிடும் என்றாள்.
போடவில்லை.
ஞாயிறு தவறாமல் பூசைக்குப் போகிறவன் நான்.
என் மனைவிக்கு மூன்று தங்கவில்லை,
மூன்றுக்கும் பெயர் வைத்திருக்கிறோம்.
யாரையும் சிறைக்கு அனுப்பும் சட்டத்துக்கு
என் கை உயராது.
ஆனால் இந்தக் கட்டத்துக்குள் பேனா போகமாட்டேன் என்கிறது."

காபி பாத்திரம் மட்டும் கொதித்தது.

பிரின் எழுந்து நின்றுதான் பேசினாள்:
"என் அக்கா நானூறு மைல் ஓட்டி வந்தாள்,
சீட்டில் துண்டை விரித்துக்கொண்டு.
அந்த மாநிலத்தில் கை தூக்கினவர்களும்
உங்களைப் போல நல்லவர்கள்தான், ரூடி.
மனசாட்சி மனசாட்சி என்றுதான் அவர்களும் சொன்னார்கள்.
ஒரே ஒரு ஓட்டில் எல்லாம் போனது.
உங்கள் பேனா நகராத அன்றைக்கு
நாங்கள் எங்கே போய் நிற்பது?"

இவர் நின்றால் ஜெயிப்போம்,
வேறு யார் நின்றாலும் தொகுதி கை நழுவும் என்றார் பொருளாளர்.
ஜெயித்து என்ன, நாற்காலிக்கு விளக்கேற்றவா
என்று பின்வரிசையில் ஒரு குரல்.
பெயர் குறிக்கப்படவில்லை.

கீழ்க்கண்டது யாரும் சொல்லாதது,
ஆகவே குறிப்பில் இல்லை:
எழுபதாம் வருடம், பத்தொன்பது வயதில்,
ஒன்றரை நாள் பேருந்தில்
நியூயார்க் போய்த் திரும்பியவள் ஒருத்தி உண்டு.
பையில் ரை ரொட்டி, அண்ணனிடம் வாங்கிய கடன்,
ஊரில் சொல்லி வைத்த ஒரு கல்யாணப் பொய்.
திரும்பும் வழியில், ஒஹாயோவில் எங்கேயோ,
முன்பின் தெரியாத ஒரு தடித்த அம்மாள்
ஜன்னல் சீட்டை விட்டுத் தந்து
தன் கோட்டை எடுத்து என் மடியில் போட்டாள்.
கழுத்தில் சிலுவை தொங்கியது.
ஒன்றும் கேட்கவில்லை.
அவள் எந்தக் கட்சி, எந்தக் கட்டத்தில் குறியிடுவாள்
என்று இத்தனை வருடம் கழித்து
இன்றைக்குத்தான் யோசிக்கிறேன்.
அவள் கோட்டால் சட்டம் வந்துவிடாது,
அதுவும் தெரியும்.
எங்கோ ஒரு சபையில் யாரோ 'ஆம்' என்று போட்டதால்தான்
எனக்குப் பேருந்து இருந்தது.

வாக்கெடுப்பு.
பரிந்துரைக்க ஆதரவு ஐந்து, எதிர்ப்பு ஆறு.
பன்னிரண்டாவது கை பேனாவைப் பிடித்திருந்தது.

கூட்டம் எட்டு இருபதுக்குக் கலைந்தது.
வெளியே பிரினின் கார் கிளம்பவில்லை.
பேட்டரிக்கு வயர் கொண்டுபோனது அவர்தான்.
நன்றி சொன்னாள்;
ஏழாவது கேள்வியை வாபஸ் வாங்கவில்லை.

அவர் பூட்ஸை மாட்டிக்கொள்ள உள்ளே வந்தார்.
குனிந்தபடியே கேட்டார்:
"நான் சொன்னதையெல்லாம் எழுதினாயா, ஐலா?"
எழுதினேன் என்றேன்.

நோட்டில் இருப்பது இவ்வளவே:
ஏழாம் கேள்வி. விவாதம் நடந்தது.